ராபெர்க் முனைக்கு நண்பர்களோடு நடக்கிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

டிசம்பர் விடுமுறையில் டர்பனிலிருந்து தென்னாப்பிரிக்கத் தென்கடலோரமான கார்டன் ரூட் பக்கம் வண்டி எடுக்கும் நம் ஆட்கள், பிளெட்டன்பெர்க் பேயில் ஒரு காலைப் பொழுதை ராபெர்க் தீபகற்பத்துக்கு ஒதுக்க வேண்டும். அவ்வளவு அழகான இடம். முழுச் சுற்று 9.2 கிலோமீட்டர். "இவ்வளவுதானே" என்று வெயில் ஏறிய பிறகு கிளம்புவதுதான் முதல் தவறு. பாறை, மணல், ஏற்றம் என்று மாறி மாறி வரும். நிழல் குறைவு, வழியில் தண்ணீர் கிடைக்காது. நான்கு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் முனை வரை வந்தே தீரவேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். 2.1, 5.5 கிலோமீட்டரில் சின்னச் சுற்றுகளும் உண்டு. முட்டி வலிக்கிறவர் விட்சாண்ட் மணல்மேட்டில் இறங்கித் திரும்பிவிடலாம். அதனால் யார் எங்கே திரும்புவது என்று கிளம்பும்போதே பேசிவிடுங்கள். வேகமாக நடக்கிறவர் பையில் வண்டிச் சாவியையும் மொத்தத் தண்ணீரையும் போட்டு அனுப்பாதீர்கள்.

போகும்போது பாதை உயரத்தில் இருக்கும். கீழே கடல்நாய் (சீல்) கூட்டம் கத்துவது கேட்கும், நாற்றமும் மேலே வரும். எட்டிப் பார்க்க விளிம்புக்குப் போகாதீர்கள்.

பெரிய ஆபத்து திரும்பும் வழியில்தான். முனையைத் தாண்டியதும் பாதை கடலோரப் பாறைகளுக்கு இறங்கிவிடும். களைத்த நேரத்தில் அங்கே கடலுக்கு முதுகைக் காட்டிக் கூட்டமாகப் படம் எடுப்பார்கள். திடீரென்று எழும் ராட்சத அலை ஆளையே இழுத்துக்கொண்டு போகும். எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள். காலடியில் பாறை நனைந்து கறுத்திருந்தால் அலை அதுவரை வந்து போயிருக்கிறது என்று அர்த்தம், மேலே ஏறிவிடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏற்றம் கூடுதலாக இருக்கும். ஏற்ற இறக்க நேரத்தைப் பார்த்து, இறக்கத்தில் இந்தப் பக்கத்தைக் கடக்கிற மாதிரி கிளம்புங்கள்.

சாப்பிட உட்கார்ந்தால் டாசிகள் (பாறைகளில் வாழும், முயல் அளவுள்ள விலங்குகள்) பக்கத்தில் வரும். பாவமாகத்தான் இருக்கும், ஆனாலும் ரொட்டித் துண்டு போட்டுப் பழக்காதீர்கள். அப்புறம், களைப்பில் நெல்சன் பே குகையைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். கற்கால மனிதர்கள் தங்கி வாழ்ந்த இடம் அது.