சொரோரிட்டி ஆலோசகராகப் போகும் அக்காவுக்கு

பட்டம் வாங்கிப் பத்து வருஷம் கழித்து என் பழைய சொரோரிட்டியின் கிளைக்கு ஆலோசகராகப் போகிறேன் என்றதும் அம்மா இரண்டு கேள்வி கேட்டார். “மாதர் சங்கம் மாதிரியா? சம்பளம் உண்டா?” கொஞ்சம் மாதர் சங்கம் மாதிரிதான், சம்பளம் கிடையாது, பெட்ரோல் காசும் நம் கையிலிருந்துதான் என்றேன். டெக்சாஸில் ஏழு வருஷமாக இந்த வேலையைப் பார்க்கிறேன். புதிதாகப் பொறுப்புக்கு வரும் பழைய உறுப்பினர்கள் ஃபோனில் கேட்பதெல்லாம் ஒரே மாதிரி இருப்பதால், எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவிகளே நடத்தும் சகோதரிகள் சங்கம்தான் சொரோரிட்டி. 1874-ல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய காமா ஃபை பீட்டா என்ற மாணவிகள் சங்கத்துக்காக அங்கிருந்த லத்தீன் பேராசிரியர் ஒருவர் உண்டாக்கிக் கொடுத்த சொல் அது. ‘சொரோர்’ என்றால் லத்தீனில் சகோதரி. 1908-ல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பெண்கள் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். கமலா ஹாரிஸ் சேர்ந்தது அதில்தான். தெற்காசியப் பெண்களுக்கான சொரோரிட்டிகள் ஹூஸ்டன், ஆஸ்டின், நியூயார்க் என்று மூன்று ஊரிலும் 1998-ல், ஒரே வருஷத்தில், தனித்தனியாக முளைத்தன. எங்களுடையதும் அந்த வகை. பட்டம் வாங்கினாலும் உறுப்பினர் என்ற உறவு அறுவதில்லை. அதனால்தான் அக்காக்கள் திரும்பி வருகிறோம். வந்து கெடுப்பதும் உண்டு.

முதல் வருஷம் நான் கெடுத்தேன். நன்கொடைக்காக நடத்தும் நடன நிகழ்ச்சிக்குப் கிளைப் பெண்கள், ஹாலுக்கான முன்பணத்தைக் கட்ட மறந்துவிட்டார்கள். நான் ஃபோன் போட்டு, மேலாளரிடம் கெஞ்சி, என் கார்டிலிருந்து 400 டாலர் கட்டி, ராத்திரி உட்கார்ந்து பட்ஜெட்டையும் திருத்திக் கொடுத்தேன். நிகழ்ச்சி ஜோராக நடந்தது. எனக்கு ஒரே பெருமை. அடுத்த வருஷம் அதே மாதம் புதுப் பொருளாளர் கூப்பிட்டாள்: “அக்கா, ஹாலுக்கு எப்போ பணம் கட்டுவீங்க?”

அன்றிலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். நடக்கப்போகும் தவறு சரிசெய்யக்கூடியதா? அப்படியென்றால் நடக்கட்டும். ஹால் போனால் புல்வெளியில் ஆடலாம். சட்டை ஆர்டரில் எழுத்துப் பிழை வந்தால் அதையே போட்டுக்கொண்டு திரியலாம் (வந்தது, திரிந்தார்கள்). உடம்புக்கு ஆபத்து, வங்கிக் கணக்கு, சட்டம் இந்த மூன்றில் மட்டும் நான் குறுக்கே விழுவேன்.

பொறுப்பேற்ற முதல் மாதம் எதுவும் செய்யாதீர்கள். வாராந்திரக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். கிளையின் விதிமுறைகள், போன வருஷக் கூட்டக் குறிப்புகள், ஆறு மாத வங்கிக் கணக்கு மூன்றையும் வாங்கிப் படியுங்கள். ‘எங்க காலத்துல’ என்று தொடங்கும் வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்தால் தண்ணீர் குடியுங்கள். போன வருஷம்தான் பட்டம் வாங்கியவர் என்றால் சொந்தக் கிளைக்கு ஆலோசகராகப் போகவே வேண்டாம். உங்கள் தோழிகள் இன்னும் அங்கே இருப்பார்கள், சண்டையில் நீங்களும் ஒரு கட்சியாகிவிடுவீர்கள்.

தலைவியோடு வாரம் ஒரு ஃபோன், அரை மணி நேரம். கூப்பிட வேண்டியது அவள். பேச வேண்டியதை எழுதிக்கொண்டு வர வேண்டியதும் அவள். நான் பெரும்பாலும் மூன்றே கேள்வி கேட்பேன்: என்ன நடந்தது, நீ என்ன செய்யலாம் என்று நினைக்கிறாய், அதை யாரிடம் முதலில் சொல்ல வேண்டும். மூன்றாவதில்தான் எல்லோரும் திணறுவார்கள். முடிவெடுப்பதைவிட அதைத் தோழியிடம் சொல்வது இருபது வயதில் பெரிய பாடு.

பொருளாளர் ஒருத்தி விஷயத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். 18 உறுப்பினர்கள், ஆளுக்கு செமஸ்டருக்கு 150 டாலர் சந்தா. நாலு பேர் கட்டவில்லை, அதில் ஒருத்தி இவளுடைய அறைத்தோழி. குரூப்மீ என்ற அரட்டைச் செயலியில் எல்லோருக்கும் பொதுவாகப் பூ, இதயம் எல்லாம் போட்டு ஐந்து நினைவூட்டல் அனுப்பியிருந்தாள். ஒரு பைசா வரவில்லை. என்னிடம் வந்து, “நீங்க கேட்டா குடுத்துருவாங்க அக்கா” என்றாள்.

என் அம்மா மதுரையில் ஏலச்சீட்டு பிடித்தவர். சீட்டுக்காசு கேட்கப் போகும்போது எந்த வீட்டிலும் காபி குடிக்க மாட்டார். “குடிச்சிட்டா கேக்க வாய் வராது” என்பார். அதைச் சொல்லிவிட்டு, நான்தான் உன் அறைத்தோழி, இப்போது கேள் என்றேன். முதல் தடவை, “ஸாரி, ரொம்ப ஸாரி, உனக்கு முடியும்போது...” என்று இழுத்தாள். “சரி, முடியும்போது தர்றேன்” என்று முடித்துவிட்டேன். இரண்டாவது தடவை காரணத்தை விளக்கிக்கொண்டே போனாள். நான் நடுவில் பேச்சை மாற்றிவிட்டேன், அவளும் கூடவே வந்துவிட்டாள். நாலாவது தடவை: “சந்தா 150 டாலர் பாக்கி இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள முழுசா கட்ட முடியுமா, இல்ல ரெண்டு தவணையா வேணுமா?” அவ்வளவுதான். அப்புறம் வாயை மூடிக்கொண்டாள். அந்த மௌனத்தைத் தாங்கத்தான் மூன்று ஒத்திகை தேவைப்பட்டது.

நாலு பேரில் மூன்று பேர் கட்டினார்கள். நாலாவது பெண்ணின் அப்பாவுக்கு வேலை போயிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. தனியாகக் கேட்டதால்தான் அவள் வாய்திறந்தாள். தவணை போட்டுக் கொடுத்தோம். இந்த ஒத்திகையைச் செய்யாமல் எந்தப் பொருளாளரையும் வேலைக்கு அனுப்பாதீர்கள்.

ஹேசிங் பற்றி. நம் ஊர் ராகிங்தான். இங்கே கூடுதலாக, ‘உன்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்றால்’ என்ற தூண்டிலும் இருக்கும். டெக்சாஸில் அது குற்றம், பட்டவள் சம்மதித்தாள் என்பது சாக்காகாது, நேரடியாகத் தெரிந்தும் புகார் செய்யாமலிருப்பதும் குற்றம். 2024 டிசம்பரில் வந்த அமெரிக்க மத்தியச் சட்டப்படி கல்லூரிகள் ஹேசிங் சம்பவங்களை வெளிப்படையாக அறிவிக்கவும் வேண்டும். ஆகவே முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்: “உன் காதல், உன் மார்க், வீட்டுச் சண்டை எல்லாம் என்னோடு இருக்கும். யாருக்காவது அடிபடும் விஷயம் என்னோடு இருக்காது.” பிறகு ஒரு நாள், “யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா” என்று அவள் ஆரம்பிக்கும்போது இந்த வாக்கியத்தை ஞாபகப்படுத்தலாம். புது உறுப்பினர்களைத் தூங்கவிடாமல் மனப்பாடம் செய்ய வைப்பது, ஃபோனைப் பிடுங்கிவைப்பது இதெல்லாம் ‘பாரம்பரியம்’ என்ற பெயரில்தான் வரும். நாமும் பட்டோம் என்பதால் சிரித்துக்கொண்டு விடக்கூடாது.

பெற்றோர் ஃபோன் செய்வார்கள். தமிழம்மா என்றால் ஊர் எது என்று கேட்டு உறவு முறையே கண்டுபிடித்துவிடுவார். அன்பாகப் பேசுங்கள், பெண்ணைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள், வைத்ததும் முதலில் அவளிடம் சொல்லுங்கள்.

ரெஸ்யூமே உதவி எளிது. ‘பொருளாளராக இருந்தேன்’ என்பதை அடித்துவிட்டு, எத்தனை பேர், எவ்வளவு பணம், எத்தனை மாதம் என்று எழுதச் சொல்லுங்கள்.

பொறுப்பு மாற்றத்துக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். எங்கள் கிளையில் நவம்பரில் தேர்தல், ஜனவரியில் புது ஆட்சி. இடையில் பரீட்சை, விடுமுறை. ஒரு வருஷம் எங்கள் இன்ஸ்டாகிராமின் கடவுச்சொல் பட்டம் வாங்கிப் போன பெண்ணோடு போய்விட்டது. அவள் நம்பரும் மாறியிருந்தது. ஆறு வாரம் பழைய கணக்கு ஊமையாகக் கிடந்தது. இப்போது தேர்தல் முடிந்த வாரமே பழையவளும் புதியவளும் என் சாப்பாட்டு மேஜையில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். வங்கியில் கையெழுத்து மாற்றும் தேதி, கடவுச்சொற்கள், ஹால் மேலாளரின் நம்பர், ‘இந்த வருஷம் நான் சொதப்பியது’ என்று ஒரு பக்கம். கடைசிப் பக்கத்தை எழுத எல்லோரும் முகம் சுளிப்பார்கள். புதியவள் முதலில் புரட்டுவது அதைத்தான். நான் தோசை சுட்டுக்கொண்டிருப்பேன், மேஜைப் பக்கம் போக மாட்டேன்.

உங்கள் பதவிக்கும் ஒரு கடைசித் தேதி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வருகிற ஜூன். அடுத்து வரும் ஆலோசகரிடம் என் நோட்டைக் கொடுத்துவிட்டேன், சொதப்பிய பக்கத்தோடு. அதில் முதல் வரி அந்த 400 டாலர். குரூப்மீயிலிருந்து மட்டும் இன்னும் வெளியே வரவில்லை.