பல் எக்ஸ்ரே பார்த்துக் குழந்தையின் வயதைக் கணிப்பது எப்படி?

வாயைத் திறந்து எத்தனை பல் முளைத்திருக்கிறது என்று எண்ணி வயது சொன்னால் எளிதில் தவறிவிடும். பால் பல்லைச் சீக்கிரம் பிடுங்கியிருந்தாலோ, தாடையில் இடம் போதாவிட்டாலோ நிரந்தரப் பல் வெளிவரும் காலம் முன்பின்னாகும். எலும்புக்குள் பல் உருவாகும் வேகம் அவ்வளவு சுலபமாக மாறாது. அதனால் வேரைப் பார்க்க வேண்டும்.

இதற்கு அதிகம் புழங்குவது டெமிர்ஜியன், கோல்ட்ஸ்டீன், டேனர் மூவரும் 1973-ல் வெளியிட்ட முறை. இரு தாடையும் ஒரே படத்தில் விழும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே தேவை. வேறு சிகிச்சைக்காக எடுத்த படம் இருந்தால் அதுவே போதும். வளரும் பிள்ளைக்கு வீணாகக் கதிர்வீச்சு வேண்டாம். படம் எடுத்த தேதியைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் வயது அந்த நாளுக்கு உரியது.

இடது கீழ்த்தாடையின் ஏழு நிரந்தரப் பற்களை மட்டும் எடுங்கள்: இரண்டு வெட்டுப்பல், ஒரு கோரைப்பல், இரண்டு முன்கடைவாய்ப்பல், இரண்டு கடைவாய்ப்பல். ஞானப்பல் கணக்கில் இல்லை. ஏதாவது பல் இல்லையென்றால் வலப்பக்க ஜோடியைப் பாருங்கள். முகவாய் சரியாக வைக்காமல் எடுத்த படத்தில் கீழ் வெட்டுப்பற்களின் வேர் நுனி மங்கிவிடும். கழுத்தெலும்பின் நிழலும் அங்கேதான் விழும். நுனி தெரியாத பல்லுக்கு ஊகத்தில் வளர்ச்சி நிலை போடாதீர்கள்.

ஒவ்வொரு பல்லுக்கும் ஏ முதல் ஹெச் வரை எட்டு நிலைகளில் ஒன்று. ஏ-யில் பல் முனைகள் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரியும். பி-யில் அவை ஒன்றுசேரும். சி-யில் மேற்பரப்பு எனாமல் முடிந்து, அதன் அடியில் இருக்கும் டென்டின் என்ற பல் திசு படியத் தொடங்கும். டி-யில் பல்லின் தலைப்பகுதி கழுத்துவரை முழுதாகி, வேர் சிறு முள்போல் எட்டிப்பார்க்கும். வேர், தலையின் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் இ. அதற்குச் சமமாகவோ நீளமாகவோ இருந்து நுனி புனல்போல் விரிந்திருந்தால் எஃப்.

அதிகம் தடுமாறும் இடம் ஜி-யும் ஹெச்-சும். ஜி-யில் வேர்க்குழாயின் இரு சுவர்களும் இணையாக இறங்கும், நுனி மட்டும் திறந்திருக்கும். ஹெச் என்று எழுத நுனி மூடியிருந்தால் மட்டும் போதாது. வேரைச் சுற்றி ஓடும் மெல்லிய கறுப்புக் கோடு நுனியிலும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். கடைவாய்ப்பல்லில் பின்பக்க வேரைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். இரண்டு நிலைக்கு நடுவே சந்தேகம் வந்தால் முந்தைய நிலைதான். இந்த விதியை விட்டால் வயது ஒவ்வொரு பல்லிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிவிடும்.

அடுத்து ஒவ்வொரு நிலைக்கும் உரிய மதிப்பெண்ணை அட்டவணையில் எடுத்துக் கூட்டுங்கள். மொத்தம் 100-க்கு. அதை வயதாக மாற்ற இன்னொரு அட்டவணை உண்டு. பையனுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி அட்டவணை. பெண் பிள்ளைகளின் பல் முந்தி முதிரும் என்பதால் மாற்றிப் பார்த்தால் விடை கெடும். ஏழும் ஹெச் என்றால் மதிப்பெண் 100, அதற்குமேல் இந்த முறையால் எதுவும் சொல்ல முடியாது. அங்கே ஞானப்பல்லைத்தான் பார்க்க வேண்டும். அதன் வளர்ச்சி ஆளுக்கு ஆள் மிகவும் மாறும்.

மூல அட்டவணைகள் பிரெஞ்சு-கனடியப் பிள்ளைகளை வைத்துச் செய்தவை. பல மக்களிடையே அவை உண்மை வயதைவிடக் கூட்டியே காட்டுகின்றன. 2001-ல் வில்லெம்ஸ் குழு பெல்ஜியப் பிள்ளைகளைக் கொண்டு திருத்திய மதிப்பெண்கள் பல இடங்களில் நெருங்கி வருகின்றன. அந்தந்த மக்களுக்கென்றே சரிபார்த்த அட்டவணை இருந்தால் அதுவே முதல் தேர்வு.

விடை வந்ததும் ஒரு மேலோட்டச் சோதனை செய்யுங்கள். கீழ் முதல் கடைவாய்ப்பல்லின் வேர் 9–10 வயதில் முடியும், இரண்டாவதுடையது 14–15-ல். இரண்டாவதன் நுனி மூடியிருக்க விடை 11 என்று வந்தால் நிலையையோ கூட்டலையோ மறுபடி பாருங்கள்.

அறிக்கையில் ஒற்றை எண் எழுதாதீர்கள். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியோ அப்படியோ விலகுவது சாதாரணம் என்பதால், வீச்சையும் எந்த அட்டவணை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கையெழுத்திடும் முன், இரண்டு வாரம் கழித்து, முதலில் போட்ட நிலைகளை மறைத்துவிட்டு அதே படத்தை மீண்டும் வாசியுங்கள். மாறிய பல்லை மட்டும் இன்னொருவரிடம் காட்டுங்கள், பிள்ளையின் வயதைச் சொல்லாமல்.