ரெவிட்டில் வென்டிலேட்டரும் சன்ஷேடும்: பிளானிலும் செக்ஷனிலும் சரியாகத் தெரியவைக்கும் முறை

தர்மபுரிப் பக்கம் ஒரு மேஸ்திரியிடம் ஜன்னல் என்று சொன்னால், சட்டம், கிரில், லிண்டல் (திறப்புக்கு மேல் சுவரைத் தாங்கும் விட்டம்), இரண்டடி நீட்டிய சன்ஷேட் ஆகிய அனைத்தையும் சேர்த்தே அவர் கணக்கில் எடுத்துக்கொள்வார். கட்டடங்களை 3டி மாடலாக வரையும் மென்பொருளான ரெவிட்டிலும் இவற்றை ஒரே ஜன்னல் ஃபேமிலிக்குள் (திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஆயத்தப் பொருளுக்குள்) வைப்பதே வசதி. ஆனால் பிளானில் (மேலிருந்து பார்க்கும் தள வரைபடத்தில்) சன்ஷேட் துண்டுக்கோடாகவும், கழிவறை வென்டிலேட்டர் சுவரில் திறப்பாகவும், செக்ஷனில் (செங்குத்தாக வெட்டிய வரைபடத்தில்) லிண்டலும் சன்ஷேடும் வெட்டுப்பட்ட கான்கிரீட்டாகவும் தெரிய வேண்டும் என்னும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஃபேமிலி எடிட்டரைத் திறந்து பழகியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: வியூ ரேஞ்சைப் பாருங்கள், மாற்றாதீர்கள்

எந்த உயர எல்லைக்குள் இருப்பவை பிளானில் தெரியும் என்பதை முடிவு செய்வது வியூ ரேஞ்ச். மெட்ரிக் டெம்ப்ளேட்டில் தரைத்தள பிளானின் கட் பிளேன் (கட்டடத்தைக் கிடையாக வெட்டும் உயரம்) 1200 மி.மீ., டாப் (மேல் எல்லை) 2300 மி.மீ. என்று இருக்கும். 900-இல் தொடங்கும் ஜன்னல் வெட்டுப்படும். 1500-இல் தொடங்கும் வென்டிலேட்டர் தப்பிவிடும். கட் பிளேனுக்கு மேலே, டாப்புக்குக் கீழே இருப்பவற்றை ரெவிட் பொதுவாகக் காட்டாது என்றாலும் ஜன்னல், கேஸ்வொர்க் (பொருத்தப்பட்ட அலமாரிகள்), ஜெனரிக் மாடல் (தனி வகையில் சேராத பொதுப் பொருள்) ஆகிய மூன்று வகைகளுக்கு விலக்கு அளித்து, அவற்றை மேலிருந்து பார்த்தது போலக் காட்டுகிறது. சன்ஷேட் ஜன்னல் ஃபேமிலிக்குள் இருந்தால் பிளானில் முழுக்கோட்டுப் பெட்டியாக வந்து நிற்பது இந்த விலக்கால்தான்.

மொத்த பிளானுக்கும் கட் பிளேனை 1800-க்கு உயர்த்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். படிக்கட்டின் வெட்டுக்கோடு உடனே சில படிகள் மேலே நகர்ந்துவிடும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: 2 மீட்டருக்கும் குறைந்த உயரமுள்ள சுவரை, கட் பிளேன் அதன் ஊடாகவே சென்றாலும், ரெவிட் வெட்டிக் காட்டாது. ஐந்தடி காம்பவுண்ட் சுவர் மெல்லிய கோடாக இருப்பதற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம்.

படி 2: சன்ஷேடைத் துண்டுக்கோடாக்குதல்

ஃபேமிலியில் சன்ஷேடின் திட உருவத்தைத் தேர்ந்தெடுத்து, விசிபிலிட்டி செட்டிங்ஸில் பிளானுக்கான டிக், பிளானில் வெட்டுப்படும்போது என்னும் டிக் ஆகிய இரண்டையும் எடுத்துவிடுங்கள். பிறகு ஆப்ஜெக்ட் ஸ்டைல்ஸில் ஜன்னலுக்குக் கீழே ஒரு துணைவகையை உருவாக்கி, அதற்குத் துண்டுக்கோட்டைக் கொடுத்து, சன்ஷேடின் எல்லையைச் சிம்பாலிக் லைனால் (3டியில் தெரியாத குறியீட்டுக் கோட்டால்) வரையுங்கள். மாடல் லைன் வேண்டாம். அது 3டி காட்சியிலும் வந்து நிற்கும். பிளானின் மேல் டீட்டெய்ல் லைன் (ஃபேமிலியோடு சேராமல் அந்தக் காட்சியில் மட்டும் வரையும் கோடு) போட்டு ஒப்பேற்றுவோரும் உண்டு. ஜன்னலை ஓர் அடி நகர்த்தினால் அந்தக் கோடு பழைய இடத்திலேயே அநாதையாகக் கிடக்கும்.

படி 3: கோடு வரைந்தும் தெரியவில்லை என்றால்

என்னை நெடுநேரம் நிறுத்திவைத்த படி இது. அதே ஃபேமிலியை ஜன்னலாக வைத்தால் சன்ஷேட் கோடு தெரிகிறது. அடிமட்டத்தை 1500 ஆக்கி வென்டிலேட்டராக வைத்தால் மறைந்துவிடுகிறது. எச்சரிக்கைச் செய்தி எதுவும் வராது. லைன் ஸ்டைல், வியூ டெம்ப்ளேட், விசிபிலிட்டி கிராஃபிக்ஸ் என்று எங்கே தேடினாலும் விடை கிடைக்காது. ஃபேமிலிக்குத் திரும்பி அந்தச் சிம்பாலிக் லைனைத் தேர்ந்தெடுத்து விசிபிலிட்டி செட்டிங்ஸைத் திறந்தால், அந்தப் பொருள் வெட்டப்பட்டால் மட்டும் காட்டு என்னும் பொருளில் ஒரு டிக் இருக்கும். 1200-இல் வென்டிலேட்டர் வெட்டுப்படுவதில்லை. ஆகவே கோடும் வருவதில்லை. சன்ஷேட் கோடுகளுக்கு அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். சட்டத்தையும் கண்ணாடியையும் குறிக்கும் கோடுகளுக்கு அது இருக்கட்டும். இல்லையென்றால் திறப்பே இல்லாத சுவரின் மேல் கண்ணாடி மட்டும் மிதக்கும்.

படி 4: வென்டிலேட்டருக்குத் திறப்பு

சுவரையும் திறந்து காட்ட வேண்டுமானால், பிளானின் ஒரு பகுதிக்கு மட்டும் வேறு வியூ ரேஞ்ச் கொடுக்கும் பிளான் ரீஜன் வேண்டும். வியூ டேபில் பிளான் வியூஸின் கீழ் அதை எடுத்து, வென்டிலேட்டர் உள்ள சுவர்ப்பகுதியை மட்டும் ஒட்டி மூடிய எல்லை வரைந்து, அதன் கட் பிளேனை 1800 ஆக்குங்கள். இரண்டு ரீஜன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. விளிம்போடு விளிம்பு தொடலாம். வேலை முடிந்ததும் விசிபிலிட்டி கிராஃபிக்ஸின் அன்னொட்டேஷன் பகுதியில் பிளான் ரீஜனை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் அந்தப் பெட்டி அச்சிலும் வந்துவிடும்.

படி 5: செக்ஷன்

ஃபேமிலியின் திறப்பு, ஜன்னல் அளவுக்கு மட்டுமே சுவரை வெட்டுகிறது. லிண்டலோ திறப்புக்கு மேலே, இருபுறமும் 150 மி.மீ. சுவரில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் செக்ஷனில் செங்கல் கோடுகளும் கான்கிரீட் புள்ளிகளும் ஒரே இடத்தில் மோதிக்கொள்ளும். லிண்டல் அளவுக்கே ஒரு வாய்ட் (வெட்டி நீக்கும் வெற்று உருவம்) உருவாக்கி, ஃபேமிலிக்குள் இருக்கும் சுவரைக் கட் ஜியாமெட்ரியால் அதைக் கொண்டு வெட்டிவிட்டால் தீர்ந்தது. சுவரின் பூச்சு அடுக்குகள் தெரியவில்லை என்றால் டீட்டெய்ல் லெவல் (காட்சியின் விவர அளவு) கோர்ஸில் இருக்கிறது, மீடியமுக்கு மாற்றுங்கள். ஒரே செக்ஷனில் படிக்கட்டும் வென்டிலேட்டரும் வர வேண்டுமானால், செக்ஷன் கோட்டை ஸ்பிளிட் செக்மென்ட்டால் மடக்கிக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை

ஓசூரிலிருந்து ஒருவர், சன்ஷேடைத் தனி ஃபேமிலியாக உள்ளே சேர்த்திருப்பதாகவும், துணைவகையின் துண்டுக்கோடு அதற்குப் பிடிக்கவில்லை என்றும் எழுதியிருந்தார். உள்ளிருக்கும் ஃபேமிலியில் ஷேர்டு டிக் இருந்தால் அது ஜன்னலின் வகையை ஏற்காமல் தன் சொந்த வகையிலேயே நிற்கும். டிக்கை எடுத்து, அந்த ஃபேமிலியையும் ஜன்னல் வகைக்கு மாற்றி, அதே பெயரில் துணைவகை வைத்ததும் சரியாகிவிட்டது.

மற்றொருவர், ஜன்னலையும், தனி கிரானைட் சில்லையும் (ஜன்னலின் அடிக்கல்லையும்), பல பொருள்களை ஒரே தொகுதியாக்கும் கிரியேட் அசெம்பிளியால் கட்டி, கல் அறுக்கும் பட்டறைக்குக் கொடுக்கக் காட்சிகள் எடுத்தபோது செக்ஷன் சாய்வாக வந்ததாகச் சொன்னார். அசெம்பிளிக் காட்சிகள் அதன் ஆரிஜினின் (தொகுதியின் மூலப்புள்ளி, அச்சுகளின்) திசையையே பின்பற்றுகின்றன. சாய்ந்த மனையில் வீட்டைத் திருப்பி வைத்திருந்தால் அசெம்பிளியைத் தேர்ந்தெடுத்து ஆரிஜினைச் சுவரின் திசைக்குச் சுழற்ற வேண்டும். பரிமாணங்கள் எழுதுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.