பரங்கிப் பூவைத் தின்கிற வண்டு மகரந்தமும் சுமக்குமா? வீட்டிலேயே சோதிக்கலாம்

பரங்கி போட்டவர்களுக்கு இந்தக் கோபம் தெரியும். காலையில் பூ ஓட்டை ஓட்டையாக இருக்கும், உள்ளே ஒரு சிவப்பு வண்டு மேய்ந்துகொண்டிருக்கும். உடனே மருந்தடிக்காதீர்கள். மலேசியாவில் செம்பனைக்கு, அதாவது பாமாயில் தரும் மரத்துக்கு, ஒரு காலத்தில் ஆள் வைத்துத்தான் மகரந்தம் தூவினார்கள். 1981-இல் கேமரூனிலிருந்து ஒரு சின்னக் கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அது ஆண் பூவைத் தின்று அதிலேயே முட்டையிட்டுப் பெருகுகிறது, பெண் பூவிலும் அதே மாதிரி வாசம் வருவதால் அங்கேயும் போகிறது, உடம்பில் ஒட்டிய மகரந்தமும் கூடவே போய்விடுகிறது. ஆள் வைத்துத் தூவும் வேலை குறைந்தே போனது.

சரி, நம் வீட்டு வண்டு எப்படி? பார்த்துவிடலாம்.

முதல் நாள் சாயங்காலம், மறுநாள் விரியப்போகும் பெண் மொட்டு நான்கைத் தேடுங்கள். இதழுக்குக் கீழே குட்டிப் பிஞ்சு இருந்தால் பெண், வெறும் காம்பு என்றால் ஆண். மூன்றின் மேல் மெல்லிய வேட்டித் துணியைப் பை போலப் போட்டு நூலால் கட்டுங்கள். நான்காவதை அப்படியே விடுங்கள்.

மறுநாள் 6 மணிக்கே போய்விடுங்கள், வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும். எதையும் தொடாமல் ஓர் ஆண் பூவின் அருகே பத்து நிமிடம் உட்காருங்கள். வண்டு இதழின் ஓரத்தை மட்டும் கடிக்கிறதா, நடுவில் இருக்கும் மஞ்சள் தண்டில் ஏறி மகரந்தத்தையே தின்கிறதா? பரங்கி மகரந்தம் பெரியது, ஒட்டும் தன்மை உள்ளது, போன் கேமராவில் பெரிதாக்கினால் காலிலும் வயிற்றிலும் மஞ்சள் பொடி தெரியும். அப்புறம் அது எங்கே பறக்கிறது என்று பாருங்கள். பெண் பூவுக்குப் போகிறதா என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம், அதனால் இந்தக் கட்டத்தில் அவசரப்படவே கூடாது.

கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் பட்டை போட்ட கொப்புள வண்டு வந்தால் கையால் பிடிக்காதீர்கள், நசுக்கவும் வேண்டாம். அதிலுள்ள காந்தரிடின் என்ற நச்சு தோலில் பட்டால் கொப்புளம் வரும். இந்த வகை வண்டுகளின் புழுக்கள் மண்ணுக்குள் வெட்டுக்கிளி முட்டைகளைத் தின்பவை, அதனால் கொல்லவும் எனக்கு மனசு வருவதில்லை.

இனி பைகள். முதல் பையைத் திறக்கவே வேண்டாம். இரண்டாவதைத் திறந்து, ஓர் ஆண் பூவைப் பறித்து நீங்களே சூல்முடியில், அதாவது பெண் பூவின் நடுவில் மகரந்தத்தை வாங்கும் முனையில், தடவிவிட்டு மூடுங்கள். மூன்றாவதில், ஆண் பூவுக்குள் இருந்த சிவப்பு வண்டை ஒரு டப்பாவில் பிடித்து உள்ளே விட்டுக் கட்டுங்கள், மத்தியானம் வெளியே விட்டுவிடுங்கள். அது சூல்முடியைக் கடித்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் பொறுங்கள். முதல் பிஞ்சு மஞ்சளாகி உதிர வேண்டும், காய்த்தால் பைக்குள் ஏதோ நுழைந்திருக்கிறது, சோதனை செல்லாது. இரண்டாவதும் உதிர்ந்தால் செடியிலோ நீங்கள் தடவிய விதத்திலோ கோளாறு. மூன்றாவது பருத்தால் அந்த வண்டால் மகரந்தம் கடத்த முடியும் என்று அர்த்தம். ஆனால் அதை அங்கே விட்டது நீங்கள், தானாகப் போகுமா என்பதற்குக் காலையில் உட்கார்ந்து பார்த்ததுதான் பதில். நான்காவது காய்த்தால் வண்டுக்குப் பேர் கொடுக்க முடியாது, தேனீயும் வந்திருக்கும். ஒரே தடவையில் முடிவு கட்டாமல் ஐந்தாறு முறையாவது செய்யுங்கள்.

வெண்டைப் பூவில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், அது பைக்குள்ளேயே தன் மகரந்தத்தில் காய்த்துவிடும்.