படை மருத்துவ அறையில் டிபி டெஸ்ட்: மாண்டோ ஊசி முதல் தடுப்பு மாத்திரை வரை

படைப்பிரிவின் மருத்துவ அறைக்குப் புதிதாக வந்து சேரும் உதவியாளர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலும் முதல் வாரத்திலேயே ஒரு பட்டியலைக் கையில் கொடுத்து, இத்தனை பேருக்கும் டிபி டெஸ்ட், அதாவது காசநோய்த் தொற்று இருக்கிறதா என்று பார்க்க முன்கைத் தோலுக்குள் போடும் மாண்டோ ஊசி, போட்டுவிடு என்று சொல்லிவிடுவார்கள். ஊசி பிடிக்கத் தெரிந்தவருக்கு அந்த நாள் ஒன்றும் பெரிய பாடில்லை. பாடு விளைவைப் பார்க்கும் மூன்றாம் நாள்தான். போட்டவர்களில் பாதிப்பேர் பயிற்சிக்குப் போயிருப்பார்கள், சிலர் விடுப்பில் இருப்பார்கள், மீதிப்பேர் கையில் சிவப்பாக எதையோ காட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால் இந்த விளக்கத்தில் பெரும்பகுதி அந்த மூன்றாம் நாளைப் பற்றியது.

பாசறையில் இதற்கு ஏன் இவ்வளவு கவனம் என்றால், ஒரே அறையில் அடுத்தடுத்த கட்டிலில் தூங்குகிறவர்கள், மூடிய வண்டியில் மணிக்கணக்காக ஒன்றாகப் போகிறவர்கள், கப்பலில் ஒரே காற்றைச் சுவாசிக்கிறவர்கள் எல்லோருக்கும் டிபி காற்றில்தான் பரவுகிறது. 1960களில் ரிச்சர்ட் ஈ. பேர்ட் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் ஒரு மாலுமியிடமிருந்து கப்பலில் இருந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேருக்குத் தொற்று போனது. காற்றைச் சுற்றிவிட்ட காற்றோட்ட அமைப்பு அதற்குத் துணைபோனது.

ஊசியை எடுப்பதற்கு முன்

முதலில் கேள்வித்தாள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா, காய்ச்சலா, இரவில் உடை நனையும்படி வியர்வையா, காரணமில்லாமல் எடை குறைகிறதா? இதில் ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றால் அவர் இந்த வரிசையில் நிற்க வேண்டியவரே இல்லை. முகத்தில் சர்ஜிக்கல் மாஸ்க் போட்டுத் தனியே உட்காரவைத்து, மருத்துவரிடம் சொல்லி, எக்ஸ்ரேக்கும் சளிப் பரிசோதனைக்கும் அனுப்புங்கள். அவருக்குத் தோல் டெஸ்ட் நெகட்டிவ் வந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

அடுத்து, முன்பே ஒருமுறை பாசிட்டிவ் வந்து அதற்கு ஆவணம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மறுபடி போட வேண்டாம். அறிகுறி கேட்டு, தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுத்தால் போதும். முன்பு போட்ட இடத்தில் கொப்புளமோ புண்ணோ ஆகியிருந்தால் கட்டாயம் போடக் கூடாது.

மூன்றாவது கேள்வியைப் படையில் இருப்பவர்கள் மறக்கவே கூடாது: கடந்த ஒரு மாதத்தில் என்ன தடுப்பூசி போட்டார்கள்? புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா தடுப்பூசி), சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் என்று வரிசையாகப் போடுவார்கள். இவை உயிருள்ள வைரஸ் தடுப்பூசிகள், டிபி டெஸ்டின் விளைவைச் சில வாரங்களுக்கு அமுக்கிவிடும். ஒன்று, அதே நாளில் இரண்டையும் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் 4 வாரமாவது தள்ளிப் போடுங்கள். தடுப்பூசி போட்டுப் பத்து நாள் கழித்து டெஸ்ட் போடுவதுதான் மோசமான ஏற்பாடு, ஏனென்றால் வருகிற நெகட்டிவ் விளைவை நம்பவும் முடியாது, நம்பாமல் விடவும் முடியாது.

இன்னொன்று: யாருக்குப் போடுகிறோம் என்பதையும் மருத்துவ அதிகாரியிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். டிபி தொடர்பே இல்லாத, ஆபத்து குறைவான ஆயிரம் பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் வருகிற பாசிட்டிவ்களில் பல பொய்யானவையாகவே இருக்கும், அவர்கள் வீணாக மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுவார்கள். பாசிட்டிவ் வந்தால் இவருக்குச் சிகிச்சை கொடுப்போமா என்று முதலில் கேளுங்கள். கொடுக்க மாட்டோம் என்றால் டெஸ்டே வேண்டாம்.

போடுவது

1 மி.லி. டியூபர்குலின் சிரிஞ்ச், 27 கேஜ் ஊசி. இன்சுலின் சிரிஞ்சில் போடுகிறவர்கள் உண்டு; எனக்கு அது பிடிக்காது, அளவுக்கோடுகள் யூனிட்டில் இருப்பதால் அவசரத்தில் போட வேண்டிய 0.1 மி.லி. எது என்று தடுமாற வேண்டியிருக்கும். பிபிடி (டெஸ்டுக்குப் போடும் டியூபர்குலின்) மருந்துக் குப்பி 2 முதல் 8 டிகிரியில், வெளிச்சம் படாமல் இருக்க வேண்டும். திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுதுங்கள், 30 நாளில் தூக்கிப் போடுங்கள். நேரம் மிச்சம் என்று காலையிலேயே ஐம்பது சிரிஞ்சில் நிரப்பி வைக்காதீர்கள், மருந்து சிரிஞ்சின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு வீரியம் குறையும். அதே மேசையில் தடுப்பூசிகளும் இருந்தால் பிபிடி தட்டை வேறு மேசைக்கே மாற்றிவிடுங்கள்; குப்பிகள் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் பிபிடிக்குப் பதில் டெட்டனஸ் தடுப்பூசி போட்ட சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.

முன்கையின் உட்பக்கம், முழங்கை மடிப்புக்கு 5 முதல் 10 செ.மீ. கீழே, ரத்தக்குழாயும் தழும்பும் பச்சை குத்தலும் இல்லாத இடம். ஊசியின் சாய்வு முகம் மேலே பார்க்க, 5 முதல் 15 டிகிரி சாய்வில், தோலுக்குள் மட்டும். சரியாகப் போயிருந்தால் தோல் வெளிறி, 6 முதல் 10 மி.மீ. அகலத்துக்கு எலுமிச்சைத் தோல்போலப் புள்ளிப் புள்ளியாக ஒரு மேடு எழும்பும். அது எழும்பவில்லை என்றாலோ மருந்து வெளியே ஒழுகினாலோ, உடனே 5 செ.மீ. தள்ளியோ மறு கையிலோ இன்னொன்று போடுங்கள், எந்த இடம் என்று குறித்தும் வையுங்கள். தேய்க்கக் கூடாது, பிளாஸ்திரி ஒட்டக் கூடாது. அரித்தால் சொறியாதே, குளிர்ந்த நீரில் துணி நனைத்து வை என்று சொல்லி அனுப்புங்கள்.

நாள் பார்த்துப் போடுவது

விளைவைப் படிக்க வேண்டிய நேரம், போட்டதிலிருந்து 48 முதல் 72 மணி வரை. 72 தாண்டி வந்தவருக்குப் புதிதாக ஒன்று போட வேண்டும், வேறு வழியில்லை. ஆகவே போடும் முன்பே கம்பெனி அலுவலகத்திலிருந்து அந்த வாரத்தின் பயிற்சி அட்டவணையை வாங்கிப் பாருங்கள். துப்பாக்கிப் பயிற்சிக்கு வெளியே போகிறார்களா, இரவு அணிவகுப்பா, நீண்ட விடுமுறையா? என் விருப்பம் திங்களில் போட்டு புதன் பிற்பகல் படிப்பது, விட்டவர்களைப் பிடிக்க வியாழன் காலை கையில் இருக்கும். வியாழனில் போட்டால் படிக்கும் நாள் வார இறுதியில் விழும். அப்புறம், "கை நன்றாகத்தான் இருக்கிறது" என்று போனில் சொல்வதையோ படமெடுத்து அனுப்புவதையோ ஒருபோதும் ஏற்காதீர்கள். தடிப்பைக் கண்ணைவிட விரல்தான் கண்டுபிடிக்கும்.

படிப்பது

எனக்கே தெளிய நாள் பிடித்த இடம் இது, அதனால் மெதுவாகச் சொல்கிறேன்.

சிவப்பை அளக்கக் கூடாது. அளக்க வேண்டியது தடிப்பை, அதாவது தொட்டால் சுற்றியுள்ள தோலைவிடக் கெட்டியாக உணரும் பகுதியை. உள்ளங்கை அகலச் சிவப்புக்குள் தடிப்பு வெறும் 4 மி.மீ. இருக்கலாம், மாநிறமோ கறுத்த நிறமோ உள்ள தோலில் சிவப்பே தெரியாமல் 16 மி.மீ. தடிப்பு இருக்கலாம். வீரரை உட்காரவைத்து, முழங்கையை லேசாக மடக்கி, மேசைமேல் கையை வைக்கச் சொல்லுங்கள். நல்ல வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழட்டும். கண்ணை மூடிக்கொண்டுகூட விரல் நுனியால் வெளியிலிருந்து உள்ளே மெல்லத் தடவிப் பாருங்கள், விளிம்பு எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குப் புரியும்.

விளிம்பு சரியாகப் பிடிபடவில்லையா, பால்பாயின்ட் பேனாவை எடுங்கள். தடிப்புக்கு ஒன்றிரண்டு செ.மீ. வெளியே வைத்து, மையத்தை நோக்கி மெதுவாகக் கோடு இழுத்துக்கொண்டே வந்தால் தடிப்பின் ஓரத்தில் பேனா முட்டி நிற்கும். அங்கேயே எடுத்துவிடுங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்தும் அதேபோல. இரண்டு கோட்டு முனைகளுக்கும் இடையே உள்ள தூரம்தான் அளவு. ஜெல் பேனா வேண்டாம், வழுக்கிக்கொண்டு ஏறிவிடும்.

அளப்பது கையின் குறுக்கே, நீளவாக்கில் இல்லை. வளைகிற, ஒளி ஊடுருவும் மி.மீ. அளவுகோல்தான் நல்லது, தடித்த மர ஸ்கேல் கையின் வளைவில் பொருந்தாது. தடிப்பே இல்லையென்றால் 0 மி.மீ. என்று எழுதுங்கள். "நெகட்டிவ்" என்று மட்டும் எழுதினால் இரண்டு வருடம் கழித்துப் படிக்கிற மருத்துவருக்கு அது 0-வா 9-ஆ என்று தெரியாது. தேதி, நேரம், எந்தக் கை, மருந்தின் பெயர், லாட் எண், போட்டவர், படித்தவர், மி.மீ. — இத்தனையும் ஒரே வரியில் இருக்கட்டும்.

எத்தனை மி.மீ. என்றால் பாசிட்டிவ்?

ஆளைப் பொறுத்தது. பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்க வழிமுறையில், டிபி நோயாளியோடு அண்மையில் பழகியவர், எச்.ஐ.வி. உள்ளவர், எக்ஸ்ரேயில் பழைய டிபி தழும்பு உள்ளவர், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தில் இருப்பவர் என்றால் 5 மி.மீ. போதும். நோய் அதிகமுள்ள நாட்டிலிருந்து அண்மையில் வந்தவர், ஆய்வக ஊழியர் போன்றவர்களுக்கு 10. எந்த ஆபத்தும் இல்லாதவருக்கு 15. உங்கள் படையின் வழிமுறை வேறு எல்லை சொன்னால் அதுதான் செல்லும்.

குழந்தையில் பிசிஜி என்ற டிபி தடுப்பூசி போட்டவர்களுக்குத் தோல் டெஸ்ட் சிலசமயம் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். அவர்களுக்கும், மூன்றாம் நாள் திரும்பி வருவார் என்று நம்ப முடியாதவர்களுக்கும் ரத்தத்தில் செய்யும் இக்ரா பரிசோதனையே என் தேர்வு. அதில் குவாண்டிஃபெரான் பிளஸ் என்ற வகை என்றால் நான்கு குழாய், ஒவ்வொன்றிலும் 1 மி.லி. எடுத்தவுடன் பத்து முறை குலுக்க வேண்டும், உட்சுவர் முழுக்க ரத்தம் படும்படி, ஆனால் மிகையான வேகம் இல்லாமல். உறைபெட்டியில் போடாதீர்கள், அறை வெப்பநிலையிலேயே வைத்தால் 16 மணி நேரத்துக்குள் 37 டிகிரிக்குப் போய்ச் சேர வேண்டும். ஆய்வகம் தொலைவில் உள்ள முகாமில் இந்தக் கணக்கு சிக்கலானது, ரத்தம் எடுக்கும் முன்பே வண்டியை உறுதிசெய்யுங்கள்.

பாசிட்டிவ் வந்தபின்

பயப்படுத்தாதீர்கள். தொற்று இருப்பது வேறு, நோய் இருப்பது வேறு. தொற்று உள்ளவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக மாறும், அதில் பாதி முதல் இரண்டு வருடத்துக்குள். அறிகுறி கேட்டு, எக்ஸ்ரே பார்த்து, நோய் இல்லை என்று உறுதியானபின்தான் தடுப்பு மாத்திரை. நோய் இருக்கும்போது ஒன்றிரண்டு மாத்திரையை மட்டும் கொடுத்தால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும்.

பாசறைக்கு ஏற்றது ஐசோனியாசிட், ரிஃபாபென்டின் என்ற இரண்டு டிபி மருந்துகள் சேர்ந்த, வாரம் ஒருமுறை வீதம் 12 வாரம் கொடுக்கும் முறை. வாரம் ஒரு நாள் அணிவகுப்பு முடிந்ததும் கண்முன்னே விழுங்கவைத்து கையெழுத்து வாங்கிவிடலாம். தினமும் ஒன்று என்று ஆறு, ஒன்பது மாதம் கொடுத்தால் நடுவிலேயே விட்டுவிடுகிறவர்கள் அதிகம். சிறுநீர் ஆரஞ்சாகப் போகும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், லென்ஸ் போடுகிறவருக்கு லென்ஸும் கறைபடும். மது கூடாது. பசியின்மை, வாந்தி, கண் மஞ்சள் என்றால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு உடனே வரச் சொல்லுங்கள்.

நோயென்று சந்தேகம் வந்தால்

தனி அறை, கதவு மூடி, வெளிப்பக்க ஜன்னல் திறந்து. களத்தில் அறை இல்லையென்றால் முகாமின் ஓரத்தில், காற்று மற்றவர்களை நோக்கி வீசாத பக்கம் தனிக் கூடாரம். சளியைத் திறந்த வெளியில் எடுக்கச் சொல்லுங்கள், அதில் ஒன்று காலை எழுந்தவுடன் எடுத்ததாக இருக்கட்டும். நோயாளிக்கு சர்ஜிக்கல் மாஸ்க், உங்களுக்கு என்95. தாடி இருந்தால் என்95 ஒட்டாது. இருமலுக்கு லெவோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்ப்போமே என்று யாராவது சொன்னால் மருத்துவரிடம் டிபி சந்தேகத்தை நினைவுபடுத்துங்கள், அந்த வகை மருந்து டிபியையும் கொஞ்சம் அடக்கி, கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடும்.

உறுதியானால் கூடவே தூங்கியவர்கள், ஒரே வண்டியில் போனவர்கள் பட்டியலை எடுத்து எல்லோருக்கும் இப்போது ஒரு டெஸ்ட். நெகட்டிவ் வந்தவர்களுக்குக் கடைசியாகப் பழகிய நாளிலிருந்து 8 முதல் 10 வாரம் கழித்து இன்னொன்று. அதற்குள் வேறு முகாமுக்கு மாறிப் போனவரின் புது மருத்துவ அறைக்குக் கடிதம் எழுதுவதும் உங்கள் வேலைதான்.

பின்சேர்க்கை: படித்துவிட்டு இரண்டு கேள்விகள் வந்தன. ஒன்று, வருடாவருடம் டெஸ்ட் செய்யும் ஆய்வக ஊழியருக்கு முதல் வருடம் 0, அடுத்த வருடம் 12 என்றால் புதுத் தொற்றா? இருக்கலாம், ஆனால் பழைய தொற்றுக்கு உடல் காட்ட மறந்திருந்த எதிர்வினையை முதல் ஊசி தட்டி எழுப்பியதாகவும் இருக்கலாம். இந்தக் குழப்பம் வராமலிருக்கவே, திரும்பத் திரும்ப டெஸ்ட் செய்யப் போகிறவர்களுக்கு ஆரம்பத்தில் 1 முதல் 3 வாரம் இடைவெளியில் இரண்டு முறை போட்டு, இரண்டாவதை அடிப்படை அளவாக வைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது கேள்வியை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், அவ்வளவு முக்கியம்: மலேரியா உள்ள இடத்துக்குப் போகிறவர் டிபி தடுப்பு மாத்திரையில் இருந்தால்? ரிஃபாம்பிசின், ரிஃபாபென்டின் என்ற டிபி மருந்துகள் இரண்டும் மற்ற மருந்துகளை உடல் சீக்கிரம் வெளியேற்றும்படி செய்கிறவை. மலேரியா தடுப்பு மருந்துகளான அடோவாகுவோன், மெஃப்ளோகுயின், டாக்சிசைக்ளின் அளவெல்லாம் ரத்தத்தில் குறையும், கருத்தடை மாத்திரையும் அப்படியே. மாத்திரை தொடங்கும் முன்பே அவருடைய பயண உத்தரவைக் கேட்டு வாங்கி மருத்துவ அதிகாரியிடம் காட்டுங்கள். பல சமயம் பயணம் முடிந்து வந்தபின் தொடங்குவதே நல்லது என்று அவர் முடிவு செய்வார், அந்த முடிவையும் தேதி போட்டு அவருடைய மருத்துவ அட்டையில் எழுதிவிடுங்கள்.