முதல் வில்லுக்கு எந்தக் கட்டை எடுப்பது?

நீலகிரியில் இருந்துகொண்டு முதல்முறையாக வில் செய்யக் கிளம்புகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது "எந்த மரம்?" என்றுதான். மரத்தின் பெயரை அப்புறம் பார்க்கலாம். ரேகை, அதாவது மரத்தில் நார் ஓடும் கோடு, நேராக ஓட வேண்டும், கட்டை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் சுமாரான மரத்திலும் வில் வரும், இல்லாவிட்டால் ஈட்டி மரமே கிடைத்தாலும் வீண்.

வில்லை இழுக்கும்போது இலக்கைப் பார்த்த பக்கம், அதாவது முதுகு, இழுபடும். நம்மைப் பார்த்த பக்கம் நசுங்கும். முதுகில் நார் அறுபட்ட இடத்தில்தான் முதலில் சிம்பு கிளம்பும், அப்புறம் மொத்தமும் ஒடியும். அதனால் மரக்கடையில் பலகையை வெளிச்சத்தில் பிடித்து, ஏதாவது ஒரு ரேகை மேல் பென்சிலை வைத்து இழுத்துக்கொண்டே போங்கள். இந்த முனையில் தொடங்கியது அந்த முனை வரை போய்ச் சேர வேண்டும், பாதியிலேயே ஓரத்தில் இறங்கி மறைந்தால் அந்தப் பலகை வேண்டாம். பக்கவாட்டிலும் இதே சோதனைதான். கணு இருந்தால் யோசிக்காமல் விட்டுவிடுங்கள். இப்படிப் பலகை பலகையாகப் புரட்டினால் கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

சரி, மரத்துக்கு வருவோம். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) எங்கே பார்த்தாலும் நிற்கிறது, ஆனால் பல மரங்களில் ரேகை முறுக்கிக்கொண்டு போகும், காயும்போதே வெடிக்கும். தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் நிழலுக்கும் மிளகுக்கொடி ஏற்றவும் நல்லது, வளைத்தால் பொசுக்கென்று ஒடியும். தேக்கு இழைக்கச் சுகம், ஆனால் இந்த விலைக்கு வில்லுக்கு ஏற்ற வளைவு அதில் கிடைக்காது. சீகையில் (வாட்டில் மரம்) நேராக வளர்ந்த இளமரம் கிடைத்தால் முயன்று பார்க்கலாம். கோடாலிக்கும் மண்வெட்டிக்கும் காம்பு போடுகிறவரிடம் கேட்பது இன்னும் நல்லது, அடி தாங்கும் மரம் எது என்று அவருக்குத் தெரியும். தோட்டத்துக் கொய்யாவைச் சொன்னாலும் சொல்வார்.

என்னைக் கேட்டால் முதல் வில்லுக்கு மூங்கில்தான். மூன்று வயதாவது ஆன, சுவர் தடித்த மூங்கிலைப் பிளந்து எடுங்கள். உறை ஒட்டிக்கொண்டு, வெள்ளைப் பொடி பூத்துப் பளபளவென்று இருந்தால் அது இளசு, விட்டுவிடுங்கள். மூங்கிலில் நார் நெருக்கமாக இருப்பது வெளித்தோலை ஒட்டித்தான், அதனால் தோல் பக்கம்தான் முதுகு. அதில் இழைப்புளியே படக்கூடாது, சீவுவதெல்லாம் உள்பக்கம்தான்.

சோலைக்குள் கத்தியோடு போகாதீர்கள். பட்டா நிலத்தில் நிற்கும் மரமானாலும் மலைப்பகுதியில் வெட்ட அனுமதி வேண்டும், 1955-லிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது. மேட்டுப்பாளையம் மரக்கடைக்கு இறங்கிப் போனால் தொல்லை இல்லை, கட்டையும் கொஞ்சம் காய்ந்தே கிடைக்கும்.

நம் ஊரில் பெரிய தலைவலி காய வைப்பதுதான். ஜூனில் கூடலூர் நனையத் தொடங்கும், அக்டோபரில் குன்னூரும் கோத்தகிரியும், நடுவில் பனிமூட்டம் வேறு. வெளியே வைத்த கட்டை காய்வதற்குப் பதில் ஈரத்தைக் குடிக்கும். ஈரக் கட்டையில் செய்த வில் ஒடியாவிட்டாலும், நாணைக் கழற்றிய பிறகும் வளைந்தே நிற்கும், அம்பில் வேகம் இருக்காது. பச்சைக் கட்டை என்றால் பிளந்த அன்றே இரண்டு முனையிலும் பெயின்ட்டோ மெழுகோ பூசுங்கள், இல்லாவிட்டால் முனை சீக்கிரம் காய்ந்து வெடிப்பு உள்ளே ஓடும். விறகடுப்பு இருக்கும் வீடு என்றால் பரண் மேல், அடுப்புக்கு நேர் மேலே வராமல் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். வாரம் ஒருமுறை தராசில் வைத்து எடையைக் கட்டையிலேயே எழுதி வாருங்கள். மூன்று நான்கு வாரம் எடை இறங்காமல் நின்றால், அந்த இடத்தில் அதற்கு மேல் காயாது. 8-லிருந்து 12 சதவீத ஈரம் இருந்தால் போதும். மழைக்காலத்தில் எடை நின்றால் நம்பாதீர்கள், பிப்ரவரி வெயில் வரை பொறுங்கள்.

அளவு: ஆறடி நீளம், இரண்டு அங்குல அகலம், இழுவிசை 30 பவுண்டு போதும். அகலத்தைக் குறைத்து எடுக்காதீர்கள், சீவிக் குறைக்கலாம், ஒட்ட முடியாது. முடிந்தால் ஒரே பலகையில் இரண்டு கட்டையாக அறுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.