மாரடைப்பு, பக்கவாதச் சிகிச்சையின் விளைவை இன்சூரன்ஸ் கிளைமிலிருந்து கணக்கிடுவது எப்படி?

மருத்துவமனை பணம் கேட்டு அனுப்பும் பில்தான் கிளைம். அதில் நோயாளியின் ரத்த அழுத்தம் இருக்காது. ஈசிஜி இருக்காது. பக்கவாதம் வந்தவருக்குக் கை எந்த அளவுக்கு விழுந்தது என்பதும் இருக்காது. யாருக்கு, எந்தத் தேதியில், எந்த நோய்க்கு, என்ன செய்தார்கள், எவ்வளவு கேட்டார்கள் என்பது மட்டுமே இருக்கும். ஆனாலும் லட்சக்கணக்கான மாரடைப்பு நோயாளிகளை ஊர் மாறினாலும் மருத்துவமனை மாறினாலும் விடாமல் பின்தொடர இந்தத் தரவால் முடிகிறது. அதற்கு ஒவ்வொரு வரியையும், ‘இதை யார், எதற்காக எழுதினார்கள்?’ என்று கேட்டுக்கொண்டே படிக்க வேண்டும்.

இந்த விளக்கத்தில் அமெரிக்காவின் மெடிகேர் தரவை எடுத்துக்கொள்கிறோம். 1965-இல் சட்டமான அரசுக் காப்பீடு அது. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் பெரும்பாலும் எல்லோரும் அதில் வந்துவிடுகிறார்கள். இதய நோயும் பக்கவாதமும் அதிகம் தாக்கும் வயதும் அதுதான்.

பழகுவதற்கான கோப்புகள்

உண்மையான மெடிகேர் கோப்புகளுக்கு விண்ணப்பம், ஒப்பந்தம், கட்டணம் எல்லாம் வேண்டும். தொடக்கத்தில் அது தேவையில்லை. மெடிகேரை நடத்தும் சிஎம்எஸ் அமைப்பு, 2008 முதல் 2010 வரையிலான தரவைப் போலவே செயற்கையாக உருவாக்கிய கோப்புகளை இலவசமாக வெளியிட்டிருக்கிறது. ‘சின்பஃப்’ என்று அழைப்பார்கள். மொத்தம் 20 மாதிரிகள். ஒன்று போதும், ஒரு மாதிரியிலேயே 2008-க்குச் சுமார் 1,16,000 பேர் இருக்கிறார்கள்.

ஒரு மாதிரிக்குள் ஐந்து வகைக் கோப்புகள் உண்டு: ஆண்டுக்கு ஒன்றாக மூன்று உறுப்பினர் பட்டியல்கள், உள்நோயாளி கிளைம், வெளிநோயாளி கிளைம், டாக்டர்களின் கிளைம், மருந்து வாங்கிய பதிவு. டாக்டர் கிளைம் இரண்டு துண்டுகளாக வரும். ஒவ்வொன்றிலும் 20 லட்சத்துக்கு மேல் வரிகள். எக்செல் 10,48,576 வரிகளோடு நின்றுவிடும் என்பதால் ஆர் அல்லது பைத்தான் என்ற நிரல் மொழி வேண்டும்.

இந்தக் கோப்புகளில் ஒருவர் யாரென்று தெரியக் கூடாது என்பதற்காகத் தேதிகளையும் மதிப்புகளையும் மாற்றியிருக்கிறார்கள். வேலை பழகலாம். இதில் வரும் சதவீதத்தை மருத்துவ உண்மையாக எங்கும் எழுதக் கூடாது. இறந்த தேதிக்குப் பிறகு மருத்துவமனையில் சேர்ந்ததாக வரும் வரிகளை எண்ணிப் பாருங்கள். உண்மைத் தரவிலும் செய்ய வேண்டிய சோதனை அது.

படி 1: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

‘2009-இல் மாரடைப்புக்காகச் சேர்க்கப்பட்ட, 66 வயது நிறைந்தவர்களில், சேர்ந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் இறந்தவர்கள் எத்தனை சதவீதம்?’

ஏன் 2009? முந்தைய ஆண்டில் என்னென்ன நோய் இருந்தது என்று பார்க்க 2008 வேண்டும். 2009 டிசம்பரில் சேர்ந்தவருக்கு 30 நாள் முடிய 2010 வேண்டும். நடு ஆண்டுக்கு மட்டும்தான் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஏன் 66? 65-இல் காப்பீட்டுக்குள் நுழைந்தவருக்கு ஓராண்டுப் பழைய வரலாறு கிடைக்க 66 ஆகிவிடும்.

ஏன் சேர்ந்த நாள்? மரணத்தை டிஸ்சார்ஜ் நாளிலிருந்து எண்ணினால், மருத்துவமனைக்குள்ளேயே இறந்தவர்கள் கணக்கிலிருந்து மறைந்துவிடுவார்கள். மறுசேர்க்கையை மட்டும் டிஸ்சார்ஜிலிருந்து எண்ண வேண்டும்.

படி 2: எல்லாக் குறியீடுகளையும் எழுத்தாகவே ஏற்றுங்கள்

கோப்பைத் திறக்கும்போதே நோய், சிகிச்சை, மருந்துக் குறியீடுகள் எல்லாவற்றையும் எழுத்து வகை என்று அறிவித்துவிடுங்கள். எண்ணாகப் படிக்க விட்டால் முன்னால் உள்ள பூஜ்ஜியம் போய்விடும். ரத்தத்தில் கிருமி பரவிய செப்டிசீமியாவின் குறியீடு 038.9, கோப்பில் புள்ளி இல்லாமல் 0389 என்று இருக்கும். பூஜ்ஜியம் விழுந்தால் அது 389 ஆகிறது. 389 என்பது காது கேளாமை. இதயக் குழாயைப் பலூனால் விரிப்பதன் குறியீடு 0066. அது 66 ஆகிவிட்டால் தேடலில் ஒரு நோயாளியும் சிக்கமாட்டார். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் கொடுமை.

இன்னொன்று: உறுப்பினர் பட்டியலில் ‘பக்கவாதம் உண்டா’ போன்ற நெடுங்கால நோய்க் குறிகளில் 1 என்றால் ஆம், 2 என்றால் இல்லை. 2-ஐ 0 ஆக மாற்றாமல் சராசரி எடுத்தால் எல்லாம் தலைகீழ். அந்தக் குறி ஆண்டு முழுவதற்கும் ஒன்றுதான் என்பதால், மார்ச்சில் மாரடைப்பு வந்தவருக்கு அக்டோபரில் வந்த பக்கவாதமும் அதில் சேர்ந்திருக்கலாம். முன்நோய் என்று அதை எடுக்காதீர்கள்.

படி 3: யார் கண்ணுக்குத் தெரிகிறார் என்று பாருங்கள்

மெடிகேரில் பார்ட் ஏ மருத்துவமனைக்கு, பார்ட் பி டாக்டருக்கும் வெளிநோயாளிச் சிகிச்சைக்கும். தனியார் நிறுவனம் வழியாக வரும் அட்வான்டேஜ் திட்டத்தில் சேர்ந்தவர்களின் கிளைம் இந்தக் கோப்புகளில் முழுமையாக இருக்காது. அவர்கள் நோயே இல்லாதவர்கள் போலத் தெரிவார்கள். 2008-இல் பார்ட் ஏ 12 மாதம், பார்ட் பி 12 மாதம், தனியார் திட்டம் 0 மாதம் என்று வடிகட்டுங்கள். இன்று மெடிகேர் உறுப்பினர்களில் பாதிக்கும் மேல் அட்வான்டேஜில் இருப்பதால், இந்த வடிகட்டலுக்குப் பின் மிஞ்சுபவர்கள் எல்லா முதியவர்களுக்கும் பிரதிநிதி ஆகமாட்டார்கள். கட்டுரையில் அதைச் சொல்லியாக வேண்டும்.

புதியவர்கள் அதிகம் விழும் குழி இங்கேதான். 2009-க்கும் 12 மாதம் வேண்டும் என்று கேட்டுவிடுகிறார்கள். 2009 ஜூனில் இறந்தவருக்குக் காப்பீடு அந்த மாதத்தோடு முடிந்துவிடும், 12 வராது. ஆக, எந்த மரணத்தை எண்ண வந்தோமோ அதையே நம் கையால் நீக்கிவிடுகிறோம். இறப்பு விகிதம் அழகாகக் குறைந்து தெரியும். 2009-இல் இறந்தவருக்கு உயிரோடு இருந்த மாதங்கள் வரை காப்பீடு இருந்தால் போதும் என்று நிபந்தனையை எழுதுங்கள். உண்மைக் கோப்பில் மாதவாரிக் குறி உண்டு; அங்கே சேர்ந்த மாதத்துக்கு முந்தைய 12 மாதங்களைத் துல்லியமாகப் பார்க்கலாம்.

படி 4: நோயாளிகளைப் பிடியுங்கள்

இந்த ஆண்டுகளின் கோப்பு ஐசிடி-9 என்ற நோய்க் குறியீட்டு முறையில் இருக்கிறது. மாரடைப்புக்கு: 410-இல் தொடங்கி, ஐந்தாவது இலக்கம் 1 ஆக இருக்க வேண்டும். 41071 என்றால் இந்த மாரடைப்புக்கான முதல் சிகிச்சைக் கட்டம். 41072 என்றால் எட்டு வாரத்துக்குள் தொடரும் பின்கட்டம். கடைசி இலக்கத்தைக் கவனிக்காமல் 410 எல்லாவற்றையும் அள்ளினால் ஒரே மாரடைப்பு இரண்டு தடவை எண்ணப்படும். 412 என்பது பழைய மாரடைப்பு, வேண்டாம்.

ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்துக்கு: 433, 434 இரண்டிலும் ஐந்தாவது இலக்கம் 1 உள்ளவை, அத்துடன் 436. இங்கேயும் அந்தக் கடைசி இலக்கம்தான் உயிர். 43310 என்றால் கழுத்துத் தமனியில் அடைப்பு இருக்கிறது, மூளைத் திசு சாகவில்லை. நாள் குறித்துக்கொண்டு அறுவைக்கு வந்து சேர்பவர்கள் பெரும்பாலும் அவர்கள். அவர்களைச் சேர்த்தால் பக்கவாத மரண விகிதம் பொய்யாகக் குறையும். ரத்தக்கசிவுப் பக்கவாதம் 430, 431, தனியாக வையுங்கள். 435 தற்காலிகத் தாக்கு, 438 பழைய பக்கவாதத்தின் மிச்சம், இரண்டும் வேண்டாம்.

முதல் இடத்தில் உள்ள நோய்க் குறியீட்டை மட்டும் பாருங்கள். சேர்க்கும்போதைய நோய் என்று தனியாக ஒரு பத்தி (நெடுவரிசை) இருக்கும். அது வாசலில் எழுந்த சந்தேகம் மட்டுமே. இரண்டாம், மூன்றாம் இடத்தில் பக்கவாதம் இருந்தால் அது வேறு அறுவை நடந்தபோது வந்ததாகவும் இருக்கலாம். ஒருவருக்குப் பல சேர்க்கை இருந்தால் ஆண்டின் முதலாவதை மட்டும் எடுங்கள்.

படி 5: பில்களை ஒட்டி ஒரே சிகிச்சையாக்குங்கள்

சிறிய மருத்துவமனையில் சேர்ந்து, மறுநாள் ஸ்டென்ட் வைக்கப் பெரிய மருத்துவமனைக்குப் போனவருக்கு இரண்டு கிளைம் இருக்கும். ஒட்டாவிட்டால் இரண்டாவது பில் மறுசேர்க்கை ஆகிவிடும். செய்ய வேண்டியது இது: ஆளின் எண், சேர்ந்த தேதி என்ற வரிசையில் அடுக்குங்கள். முந்தைய டிஸ்சார்ஜ் நாளிலோ மறுநாளிலோ அடுத்த சேர்க்கை வேறு மருத்துவமனையில் தொடங்கினால் இரண்டையும் ஒன்றாக்குங்கள். கடிகாரம் முதல் சேர்க்கையிலிருந்து ஓட வேண்டும், விளைவு முதல் மருத்துவமனையின் கணக்கில் போக வேண்டும். ஒரே மருத்துவமனையில் தேதி இடைவெளியின்றித் தொடர்ந்தால் அது நீண்ட சிகிச்சைக்கு நடுவில் போட்ட இடைக்கால பில். உண்மைத் தரவில் டிஸ்சார்ஜ் நிலை என்ற பத்தியும் உதவும்: 02 வேறு மருத்துவமனைக்கு மாற்றம், 20 மரணம்.

பக்கவாதத்தில் இது இன்னும் சிக்கல். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை முதல் மருத்துவமனையின் அவசரப் பிரிவிலேயே போட்டுவிட்டு ஆம்புலன்சில் அனுப்புவார்கள். அங்கே அவர் உள்நோயாளியே ஆகவில்லை. வெளிநோயாளி கிளைமில்தான் தேட வேண்டும். உள்நோயாளி கிளைமில் அந்த ஊசியின் குறியீடு 9910. 2005 அக்டோபரில்தான் ஊசி போட்ட பக்கவாதத்துக்கு மெடிகேர் தனிக் கட்டண வகையை ஏற்படுத்தியது. அதற்கு முன் அந்தக் குறியீட்டை எழுதினாலும் எழுதாவிட்டாலும் கிடைக்கும் பணம் ஒன்றுதான். ஆகவே அந்தத் தேதியைத் தாண்டி எண்ணிக்கை ஏறினால் ஊசி போடுவது கூடியதா, எழுதுவது கூடியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

படி 6: முன்நோய்களைச் சேருங்கள்

சேர்ந்த நாளுக்கு முந்தைய 12 மாதக் கிளைம்களிலிருந்து சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு, புற்றுநோய் ஆகியவற்றைத் திரட்டுங்கள். முன்நோய்களுக்கு மதிப்பெண் போட்டு ஒரே எண்ணாகக் கூட்டும் சார்ல்சன் குறியீட்டெண் நல்ல தொடக்கம். டாக்டர் கிளைமில் ஒரே ஒரு தடவை வந்த நோயை நம்பாதீர்கள். ‘இந்த நோய் இல்லையே’ என்று உறுதி செய்ய எடுத்த பரிசோதனைக்கும் அதே குறியீட்டைப் போட்டிருக்கலாம். குறைந்தது 30 நாள் இடைவெளியில் இரண்டு தடவை, அல்லது உள்நோயாளி கிளைமில் ஒரு தடவை என்ற விதி பாதுகாப்பானது.

படி 7: சிகிச்சைகளை ஒப்பிடும் முன்

மாரடைப்புக்குப் பின் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை வாங்கியவர்கள் அதிகநாள் வாழ்ந்தார்களா என்று பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். டிஸ்சார்ஜாகி 20-ஆம் நாள் மாத்திரை வாங்கியவர் அந்த 20 நாளும் உயிரோடு இருந்தே ஆக வேண்டும். ஐந்தாம் நாள் இறந்தவர் வாங்க வாய்ப்பே இல்லாமல் ‘வாங்காதவர்’ பக்கம் போய்ச் சேர்வார். மாத்திரை வெறும் மாவாக இருந்தாலும் பலன் தெரியும். 30-ஆம் நாள் உயிரோடு இருப்பவர்களை மட்டும் எடுத்து, அதுவரை வாங்கினாரா இல்லையா என்று பிரித்து, அன்றிலிருந்து கடிகாரத்தை ஓட விடுங்கள். மருத்துவமனைக்குள் கொடுத்த மாத்திரையும், காப்பீட்டைக் காட்டாமல் கைக்காசில் வாங்கியதும் இந்தப் பதிவில் வராது.

நோயின் கடுமை இன்னும் பெரிய சிக்கல். ஆஞ்சியோகிராமுக்கு அனுப்பப்படுபவர் பெரும்பாலும் தாங்கக்கூடிய உடல்நிலையில் இருப்பவர். 1994-இல் மெக்லெலன், மெக்நீல், நியூஹவுஸ் என்ற மூன்று ஆய்வாளர்களும் 1987-இல் மாரடைப்பு வந்த 2,05,021 மெடிகேர் முதியவர்களை வைத்து இதற்கு ஒரு வழி காட்டினார்கள். வீட்டிலிருந்து சாதாரண மருத்துவமனையைவிட ஆஞ்சியோகிராம் வசதியுள்ள மருத்துவமனை எவ்வளவு கூடுதல் தூரம் என்று அளந்தார்கள். அருகில் வீடு இருப்பது இதயத்தின் நிலையைப் பொறுத்ததல்ல. ஆனால் ஆஞ்சியோகிராம் கிடைக்கும் வாய்ப்பை அது மாற்றும். நேரடி ஒப்பீட்டில் மலைபோலத் தெரிந்த வித்தியாசம், இப்படிப் பார்த்தபோது நான்கு ஆண்டு முடிவில் அதிகபட்சம் 5 சதவீதப் புள்ளியாகச் சுருங்கியது. அதிலும் பெரும்பகுதி முதல் நாளிலேயே வந்துவிட்டது. அது ஆஞ்சியோகிராமும் அதைத் தொடரும் அறுவையும் தந்த பலனாக இருக்க முடியாது.

உண்மைத் தரவுக்குப் போகும்போது

2015 அக்டோபர் 1 முதல் குறியீடுகள் ஐசிடி-10-க்கு மாறின. மாரடைப்பு ஐ21 ஆனது. எட்டு வார எல்லை நான்கு வாரமானது. ஐந்தாவது இலக்க வசதி போய்விட்டது. 2017 அக்டோபரில், ரத்த ஓட்டப் பற்றாக்குறையால் வரும் இரண்டாம் வகை மாரடைப்புக்கு ஐ21.ஏ1 தனியாக வந்தது. அந்த இரண்டு தேதிகளையும் ஒட்டி மாதவாரி எண்ணிக்கையை வரைந்து பாருங்கள்; படிக்கட்டுபோல் ஏற்ற இறக்கம் இருந்தால் அது குறியீட்டின் வேலை. பக்கவாதத்தின் கடுமை மதிப்பெண்ணை எழுத 2016 அக்டோபரில் ஆர்29.7 வந்திருக்கிறது, ஆனால் எல்லா மருத்துவமனையும் நிரப்புவதில்லை. காலியாக இருப்பதை 0 என்று கொள்ளாதீர்கள். 0 என்றால் குறைபாடு எதுவும் இல்லை என்று பொருள்.

விண்ணப்பத்துக்கு மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உள்ள ரெஸ்டாக் மையம் வழிகாட்டுகிறது. ஒப்பந்தப்படி, 1 முதல் 10 வரையிலான எந்த எண்ணிக்கையையும் வெளியிடக் கூடாது. அட்டவணையில் ஒரு கட்டத்தை மட்டும் மறைத்துவிட்டு மொத்தத்தை அப்படியே விட்டால், கழித்துப் பார்த்து அதைக் கண்டுபிடித்துவிடலாம்; பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்து மறைக்க வேண்டும்.